மேக்ரோவுக்குள் நுழையாத டீபக்கர்

ஈமாக்ஸ் லிஸ்பின் ஈடீபக், சாதாரண நிரலில் ஒவ்வொரு கோவையிலும் நின்று மதிப்பைக் காட்டும். மேக்ரோ வந்தால் அதன் உள்ளே நில்லாமல் கடந்துவிடும். இது ஈடீபக்கின் குறையன்று. 1963-இல் டிமோத்தி ஹார்ட் லிஸ்பிற்கு மேக்ரோவை முன்மொழிந்தது முதல், உள்ளீடுகளுள் எது மதிப்பிடப்படும், எது வெறும் பெயர் என்பது மேக்ரோவுக்கே தெரிந்த செய்தி. அதை எழுதியவர்தான் வரையறையில் டீபக் விவரக்குறிப்பாகச் சொல்லவேண்டும். பெரும்பாலும் ஒரு வரி. அதனாலேயே பலர் எழுதுவதில்லை.

தவறாக எழுதுவது அதனினும் தீது. மாறியின் பெயரை மதிப்பிடப்படும் ‘ஃபார்ம்’ என்று குறித்தால், ஈடீபக் அப்பெயரைத் தன் கண்காணிப்பு நிரலால் பொதிந்துவிடும். பெயரை எதிர்பார்த்த மேக்ரோ ஒரு பட்டியலைப் பெற்று முறியும்.

சால்ட் லேக்கில் ஆய்வு மாணவர் ஒருவர், பட்டம் பெற்றுச் சென்ற மூத்தவரின் மேக்ரோக்களுக்கு இக்குறிப்புகளை எழுத அமர்ந்தார். குறிப்பெழுத ஒவ்வொன்றையும் விரித்துப் படிக்கவேண்டியிருந்தது. ஒன்றில், கோப்பிலிருந்து அடுத்த வரியைப் படிக்கும் உள்ளீடு இருமுறை மதிப்பிடப்பட்டது. ஒன்றுவிட்டு ஒரு வரி தொலைந்துகொண்டிருந்தது. அவருடைய ஆய்வேட்டின் அட்டவணைகள் அனைத்தும் அந்நிரல் தந்தவை.