விடுவதற்கென்றே பிடிக்கும் மீன்

கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் வானவில் டிரவுட் மீனை ஸ்டீல்ஹெட் என்பர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஹோ, போகஷீல் ஆறுகளில் இளவேனிலில் அதைத் தேடி வருவோருக்கு வழிகாட்டிகள் உண்டு. இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப்பூச்சியை நீரோட்டத்தின் குறுக்கே வீசக் கற்பிப்பர். பண்ணையில் பொரித்த மீன்களுக்கு முதுகின் பின்புறச் சிறுதுடுப்பு வெட்டப்பட்டிருக்கும். அத்துடுப்பு உள்ளது இயற்கை மீன். அதை நீரைவிட்டு முழுதும் தூக்காமலேயே விட்டுவிடச் சட்டம் பணிக்கிறது.

மீன் ஹலால், அதில் ஐயமில்லை. உண்ணும் எண்ணமின்றி ஓருயிரின் வாயில் முள்ளேற்றலாமா என்பதே நம்மை உறுத்தியது. “விடுவதால்தானே மாமா இனம் பிழைக்கிறது?” என்றார், அழைத்துச் சென்ற மருமகன். பிடிக்காதிருந்தால் இன்னும் நன்றாகப் பிழைக்குமே! பண்ணை மீன் சிக்கினால் சமைப்போம் என்று மட்டும் கூறிக் கரையில் அமர்ந்தோம். அவரோ மாலைவரை இடுப்பளவு குளிர்நீரில் நின்றார்.