அண்ணன் பெயர் போட்ட டீ ஷர்ட்

எங்கள் வீட்டில் பெரியவன் போட்டுக் கழித்ததுதான் சின்னவனுக்கு. சைக்கிள், புத்தகப் பை எல்லாமே அப்படித்தான். அவனும் ஒருநாள் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் போன மாதம் ஒரு டீ ஷர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல பேருகூட அண்ணனோடதாம்மா?" என்று அவன் கேட்டபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

பெரியவன் கபடி விளையாடப் போனபோது எடுத்தது அது. முதுகில் ஆங்கில எழுத்தில் அவன் பெயர், கீழே 7. நல்ல திருப்பூர்ப் பருத்தி. இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக உழைக்கும். தூக்கிப் போட மனசு வருமா?

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். கத்தியால் ஓரத்தைச் சுரண்டினேன். நூல் பிரிந்து வந்தது. அப்புறம் இஸ்திரிப் பெட்டியை எழுத்தின் மேலேயே வைத்துத் தேய்த்தேன். அது இளகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு ஒரே நாற்றம். "துணிக்கு இஸ்திரியா, பெட்டிக்கு அபிஷேகமா?" என்று இவர் கேலி செய்தார். அவருக்கென்ன!

தெருக்கோடியில் இப்படிப் பெயர் ஒட்டித் தரும் பையனைக் கேட்டேன். "இது மை இல்லக்கா, பிளாஸ்டிக் தாள். வினைல்னு பேரு. அடியில பசை இருக்கு. சூட்டுல ஒட்டினது, சூட்டுலதான் வரும்" என்றான். துணியில் ஊறிய அச்சு மையாக இருந்தால் இந்த வித்தை பலிக்காதாம்.

டீ ஷர்ட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, எழுத்துக்கு அடியில் பழைய துண்டை விரித்து, துணிப் பக்கமாகப் பெட்டியை அழுத்தி வைத்தேன். பத்துப் பதினைந்து விநாடி. உடனே புரட்டி, சூடு ஆறுவதற்குள் முள்வாங்கியால் மூலையைக் கிளப்பி மெள்ள இழுத்தால், முதல் எழுத்து முழுசாக வந்துவிட்டது! ஆறிவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். திரும்பச் சூடு காட்ட வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன். பாலியஸ்டர் துணியானால் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பளபளவென்று தடம் விழும்.

சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் முடிந்து 7க்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். "அது இருக்கட்டும்மா" என்றான்.

எழுத்து இருந்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசிடேட் துணி என்றால் தொடவே தொடாதீர்கள், கரைந்துவிடும். இன்னொன்று, அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறின பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்துதான் பாட்டிலைத் திறந்தேன். பிள்ளையையும் எழுப்பி அனுப்பிவிட்டேன்.

துவைத்து உலர்த்திய பிறகு பார்த்தால், சுற்றிலும் துணி வெளுத்திருக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் புது நிறமாகத் தெரிந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

"வெயில்ல பார்த்தா அண்ணன் பேரு தெரியுதும்மா" என்றான் சின்னவன். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் மாட்டிக்கொண்டு விளையாட ஓடினான்.