ஆறு எழுத்துக்குள் அப்பா

ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டதும் வயிற்றுவலி என்று சொல்லிச் சுருண்டு படுத்துக்கொள்ளும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால் அடிக்காதீர்கள். நானும் அப்படிப் படுத்தவன்தான்.

1993-ஆம் ஆண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுப் பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். அவரவர் தகப்பனார் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார் ஆங்கில ஆசிரியர். என் அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ‘டாப்பர்’ என்று எழுதவேண்டும். அதில் ‘பி’ இரண்டு முறை வரும். நான் ஒன்றைத்தான் போட்டேன். ‘டாப்பர்’ ‘டேப்பர்’ ஆகிவிட்டது. டேப்பர் என்றால் மெல்லிய மெழுகுத்திரி. ஆசிரியர் அதை உரக்கப் படித்து, “உன் அப்பா என்ன, மெழுகுவத்தியா?” என்றார். வகுப்பே சிரித்தது.

அன்று மாலை லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார், “இன்னைக்கு என்னய்யா படிச்சே?” கணக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டில் படித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வரும், அலமாரித் தட்டில் விரிப்பதற்காக. அவற்றில் ஒரு மூலையில் கட்டம் போட்டு ஒன்பது எழுத்துகள் இருக்கும். அவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்பது போட்டி. நடுக்கட்டத்து எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் கட்டாயம் வரவேண்டும். எனக்கு அதுவரை அது வெறும் அலமாரித் தாள்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. சீனர் கடையில் கொடுத்த பழைய நாள்காட்டி அட்டையை ஆறு துண்டாக வெட்டி, டி, ஏ, பி, பி, இ, ஆர் என்று எழுதித் தரையில் போட்டு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

என்னவெல்லாம் வந்தது தெரியுமா? நான் தப்பாய் எழுதிய ‘டேப்பர்’ அதற்குள்ளேயே இருந்தது. ‘ரேட்’ இருந்தது, சம்பள நாளில் அப்பா வாயில் வரும் அதே ரேட்டு. கண்ணீருக்கான ‘டியர்’ இருந்தது. அறுவடை செய் என்னும் ‘ரீப்’ இருந்தது. எலிப்பொறிக்குச் சொல்லும் ‘ட்ராப்’ கூட இருந்தது. கடைசியில் ‘பேப்பர்’ வந்தது. டாப்பருக்குள் பேப்பர்! மண்ணெண்ணெய் விளக்கை அணைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் வீணாகிறது என்று அம்மாவிடம் வசவும் வாங்கினேன்.

இந்த எழுத்து விளையாட்டைக் காசாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து வீட்டில் இருந்தபோது, பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாய் எண்ணினார். அப்படிப் பிறந்ததுதான் 1948-இல் ‘ஸ்கிராபிள்’ என்று பெயர் பெற்ற ஆட்டம். மொத்தம் 100 துண்டுகள். ‘இ’ எழுத்துக்கு மட்டும் 12. ‘கியூ’வுக்கும் ‘ஸெட்’டுக்கும் ஒவ்வொன்றுதான். ‘எஸ்’ நிறைய இருந்தால் எல்லாச் சொல்லையும் பன்மையாக்கி ஆட்டத்தைச் சுலபமாக்கிவிடுவார்கள் என்று அதை நான்கோடு நிறுத்திவிட்டார்.

கடையில் வாங்கப் பணம் வேண்டாம். பிஸ்கோத்துப் பெட்டி அட்டையும் கத்தரிக்கோலும் போதும். என் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். ஒரு மாணவியின் தாயார் துண்டுகளைப் பார்த்துவிட்டு, “ஐயா, பிள்ளைகளுக்கு மாஜோங் கத்துக் குடுக்கிறீங்களா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். உட்காரவைத்து அரைமணி நேரம் ஆடிக் காட்டினேன். மறுவாரம் அவரே ஒரு பெட்டி அட்டை கொடுத்தனுப்பினார்.

தேடுவதற்கு ஒரு வழியுண்டு. உயிரெழுத்துகளை ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். ‘இ, ஆர்’, ‘இ, டி’, ‘ஐ, என், ஜி’ இருந்தால் வலது ஓரத்தில் வைத்துவிடலாம். அவை சொல்லின் வால்கள். ‘எஸ், எச்’, ‘சி, எச்’ பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். ‘கியூ’ வந்தால் ‘யூ’ எங்கே என்று தேட வேண்டும். அப்புறம் துண்டுகளை வரிசையாக வைக்காமல் வட்டமாக வைத்தால், கண் பழைய சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்காது. ‘விகடகவி’யைத் திருப்பித் திருப்பிப் படித்து மகிழும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வெகு விரைவில் பிடிபடுகிறது.

இப்போது ஜார்ஜ்டவுனில் குடியிருக்கிறேன். பள்ளி அக்கரைத் தோட்டத்தில். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே வாங்கிய அகராதிதான் எங்கள் வகுப்பில் நடுவர். சென்ற மாதம் இந்த ஊர்ப் பெயரையே கொடுத்தேன். ஆங்கிலத்தில் ‘பெனாங்’ என்று எழுதினால் ‘பென்’ வருகிறது, ‘பேஜ்’ வருகிறது. எழுதுகோலும் பக்கமும்! மலாயில் உள்ளபடி, பாக்கு என்ற பொருளில் ‘பினாங்’ என்று ‘ஐ’ போட்டால் அவை போய், ‘பெயின்’ வருகிறது, ‘கெயின்’ வருகிறது. வலி, லாபம். ஓரெழுத்து மாறினால் இத்தனை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொல் தேடத் தெரிந்தால் மொழி பேச வந்துவிடும் என்று நம்பாதீர்கள். நியூசிலாந்தில் பிறந்து நம் நாட்டில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக வெற்றியாளர். 2015-இல் பிரெஞ்சு அகராதியை ஒன்பது வாரத்தில் மனப்பாடம் செய்து, பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு உலகப் போட்டியிலும் வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே. ஆகையால் பேச்சுக்கு வேறு பயிற்சி வேண்டும். ஆனால் வயிற்றுவலி போகிறது. அதை என் கண்ணால் பார்க்கிறேன்.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆயின. மெழுகுவத்திக் கதையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. போன தீபாவளி விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன். அந்த ஆறு துண்டுகளையும் மேசையில் பரப்பி, “இதும்மா அப்பா பார்த்த வேலை” என்று காட்டி, பிறகு அவற்றை மாற்றி, “இது காகிதம்” என்றேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஓரத்தில் தொட்டு, “ஒன்னு மிச்சம் கெடக்கே, அது என்னா?” என்றார்.

“அது டீம்மா.”

“அப்பாருக்கு அது இல்லாம முடியாதே” என்று சொல்லி, டீ கலக்க எழுந்து போனார்.