சாகாதவளுக்கு ஒரு வீடு

ஒரு திருநங்கை ரத்தக்காட்டேரியாக மாறுகிறாள் என்று பின்னட்டையில் படித்ததுமே அந்த ஆங்கில நாவலை வாங்கிவிட்டேன். படித்து முடித்தபோது மனசு கசந்தது. தொடக்கத்திலேயே ஒரு கடி. விடிவதற்குள் அவள் ஏங்கிய உடல் வாய்த்துவிடுகிறது. அப்புறம் வேட்டை, பழி, ரத்தம். கடைசியில் வெயிலில் நின்று சாம்பலாகிறாள். சாகா வரம் பெற்றவளுக்கும் அங்கே சாவுதான் முடிவு.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ரத்தம் குடிக்கும் பெண் புதியவள் இல்லை. பாலை மரத்தடியில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அப்படியொரு யட்சியான கள்ளியங்காட்டு நீலியை மலையாளிகளும் அறிவார்கள், தமிழர்களும் அறிவார்கள். வில்லுப்பாட்டில் அவளைப் பாடுகிறவர்கள், அவளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்ன பிறகுதான் அவளைப் பேயாக்குவார்கள். மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1967இல் எழுதிய 'யட்சி'யில், விபத்தில் முகம் சிதைந்த கல்லூரி ஆசிரியன் தன்னை மணந்தவளையே யட்சி என்று சந்தேகிக்கிறான். பயங்கரம் அவளிடம் இருக்கிறதா, அவன் கண்ணில் இருக்கிறதா என்று நம்மை அலைக்கழிக்கும் நாவல் அது.

திருநங்கையைப் பேயாகக் காட்டியது தமிழ் சினிமா. 2011இல் வந்த 'காஞ்சனா'வில், பெற்றவர்கள் கைவிட்ட காஞ்சனா இன்னொரு திருநங்கையை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள்; ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறாள்; அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறாள். சரத்குமார் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கௌரவம் கொடுத்தார். ஆனால் அங்கேயும் நியாயம் கேட்க அவள் செத்தாக வேண்டியிருந்தது.

அதனால்தான் சாகாத ஒருத்தி என்ற கரு என்னைப் பிடித்து இழுத்தது. அவளுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது! 1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் அவளைப் போன்றவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பெண்ணுடையில் வெளியே வருவதையே குற்றமாக்கியது. அங்கிருந்து தப்பி அவள் திருவிதாங்கூருக்கு வந்திருக்கலாம். 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபோது, விலக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் நுழைவதை நின்று பார்த்திருக்கலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததையும், 2015இல் கேரளம் திருநர் கொள்கையை அறிவித்ததையும் கேட்டிருக்கலாம். இத்தனையும் நினைவிலிருக்கும் ஒருத்தி 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அடையாளச் சான்றிதழ் வாங்கக் கலெக்டருக்கு விண்ணப்பம் எழுதினால், பிறந்த தேதி என்ற இடத்தில் எதை நிரப்புவாள்? அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு நாவல் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரர் 'உள்ளே வா' என்று அழைக்காமல் ரத்தக்காட்டேரி வாசல்படி தாண்ட முடியாது. 1897இல் வந்த 'டிராகுலா'விலும் இந்த விதி உண்டு. 2017இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. வேலை கிடைத்தவர்களில் பலருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சிலர் அதனாலேயே வேலையை விட்டார்கள். வேலைக்கு அழைத்த ஊர் வீட்டுக்குள் அழைக்கவில்லை. ரத்தக்காட்டேரிக் கதையின் பழைய விதியும் திருநங்கையின் இன்றைய வாழ்க்கையும் சந்திக்கும் இடம் அந்த வாசல்படி. நான் படித்த நாவலில் அவள் ஜன்னல் வழியே பறந்து நுழைந்துவிடுகிறாள். அங்கேதான் ஆசிரியர் என்னை முழுதாக இழந்தார்.

உடலும் பெயரும் ஒரே ராத்திரியில் மாறுவதில்லை. திருநங்கைகள் எழுதிய தன்வரலாறுகளான ரேவதியின் 'வெள்ளை மொழி'யையும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா'வையும் படித்தவர்களுக்கு அது தெரியும். அடியும் அலைச்சலும் ஆஸ்பத்திரியும் அலுவலகப் படிகளுமாக வருஷக்கணக்கில் நடந்து வந்து சேர்ந்த இடம் அது. கற்பனை எழுதுகிறவருக்கு எதையும் மாற்றும் உரிமை உண்டு. ஆனால் அந்த நடையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், வந்து சேர்ந்ததன் சந்தோஷமும் கூடவே போய்விடுகிறது.

இந்தக் கருவை வேறொருவர் எடுத்து எழுத வேண்டும். ஒரு திருநங்கையே எழுதினால் இன்னும் நல்லது. அவள் இந்த ஊரில் வீடு தேடட்டும், வேலைக்குப் போகட்டும், சண்டை போடட்டும், காதலிக்கட்டும். கடைசிப் பக்கத்திலும் அவள் உயிரோடு இருக்க வேண்டும்.