வாடகைப் பரண்

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஃபோன் பண்ணார். இருக்கிற வீட்டை வித்துட்டாராம். புது வீடு கட்டி முடிய இன்னும் ஏழெட்டு மாசம் ஆகுமாம். "சாமானையெல்லாம் ஸ்டோரேஜ்ல போடப் போறேன். நீதான் போட்டு எடுத்தவனாச்சே, என்னென்ன பார்க்கணும் சொல்லு"ன்னார். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வச்சிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். முக்கால் மணி நேரம் ஓடிடுச்சு. ஃபோனை வச்சதும் உள்ளேயிருந்து தங்கமணி குரல். "வீணை கதையைச் சொன்னீங்களா?"

சொல்லலை. அதான் இங்கே சொல்றேன்.

ஸ்டோரேஜ்னா என்னன்னு தெரியாத ஊர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவுல எந்த ஊருக்குப் போனாலும் நெடுஞ்சாலை ஓரமா வரிசையா ஷட்டர் போட்ட அறைகள் இருக்கும். பந்த் அன்னிக்கு நம்மூர் கடைத்தெரு இருக்குமே, அந்த மாதிரி. 5க்கு 5 அடின்னா ஒரு பெரிய அலமாரி அளவு. 10க்கு 10ல ரெண்டு படுக்கையறை வீட்டுச் சாமானை அடைக்கலாம். 10க்கு 20ன்னா கார் ஷெட் மாதிரி. மாச வாடகை. பூட்டு நம்மது, சாவியும் நம்மகிட்டதான். உள்ளே என்ன வச்சிருக்கோம்னு அவங்க பெரும்பாலும் எட்டிப் பார்க்கறதில்லை. உள்ளே வச்சதுக்கு என்ன ஆச்சுன்னும் பார்க்கறதில்லை. முதல் பாதி எனக்குப் பிடிச்சிருந்தது. ரெண்டாவது பாதி லேட்டாத்தான் புரிஞ்சது.

2011 ஏப்ரல்ல தஞ்சாவூர்ல மாமனாருக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. இடது பக்கம் சுத்தமா விழுந்துடுச்சு. தங்கமணி ஒரே பொண்ணு. மாமியாரால தனியாச் சமாளிக்க முடியாது. கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி சென்னை ஆபீசுக்கு மாத்தல் வாங்கினேன். ஆணி எங்கேயிருந்து புடுங்கினா என்ன! அப்போ நாங்க டாலஸ் பக்கத்துல இர்விங்ல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தோம். மே கடைசியில காலி பண்ணணும். கையில இருந்தது மூணு நாள்.

பக்கத்துலயே ஒரு ஸ்டோரேஜ். ரெண்டு விதமா வச்சிருந்தாங்க. வெளியில ஷட்டர், உள்ளே தகரக் கூரை, வெறும் சிமென்ட் தரை, மாசம் 62 டாலர். அதே அளவு, கட்டடத்துக்குள்ள, ஏசி ஓடுற அறை, 105 டாலர். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, "மரச்சாமான், எலக்ட்ரானிக்ஸ், வாத்தியம் ஏதாவது இருந்தா ஏசி ரூம் எடுத்துக்கோங்க"ன்னு சொல்லத்தான் செஞ்சா. "வியாபாரத்துக்குச் சொல்றா"ன்னு தமிழ்ல தங்கமணிகிட்ட சொன்னேன். ஆறு மாசம்தானேன்னு 62 டாலருக்கே கையெழுத்துப் போட்டேன். ஆறு மாசம் 14 மாசம் ஆச்சு. மாசம் 43ன்னா, மொத்தம் 602 டாலர் மிச்சம். இந்தக் கணக்கை இன்னும் மறக்கலை. மறக்க விடவும் மாட்டாங்க.

சாமான் கட்டின அழகைச் சொல்லணும். இந்தியன் மளிகைக் கடையில ஓசியில கிடைச்ச அட்டைப் பெட்டிகள், ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். பெரிய பெட்டியா பார்த்துப் புத்தகத்தை ரொப்பினேன், ரெண்டு பேராலயும் தூக்க முடியலை. எல்லாப் பெட்டி மேலயும் ஒரே வார்த்தை, 'கிச்சன்' இல்லைன்னா 'இதர'. மெத்தை சிமென்ட் தரையில. சோபாவுக்கு பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுத்தி டேப் ஒட்டியாச்சு. முதல்ல உள்ளே போனது வீணை. "உடையற சாமான், சுவத்தோரமா பத்திரமா இருக்கட்டும்"னு அதோட பெட்டியை மூலையில செங்குத்தா சாத்தி நிறுத்தினேன். அப்புறம் மத்த சாமானையெல்லாம் ஷட்டர் வரைக்கும் அடைச்சு, தோளால தள்ளி இழுத்துப் பூட்டினேன். பெரிய சாதனை பண்ணின மாதிரி ஒரு ஃபோட்டோ வேற எடுத்துக்கிட்டேன்.

அந்த வீணை தங்கமணியோட பன்னிரண்டாவது வயசுல மாமனார் தஞ்சாவூர்லயே சொல்லி வச்சு, பி.எஃப். லோன் போட்டு வாங்கிக் கொடுத்தது. பலா மரம். கல்யாணமாகி அமெரிக்கா வந்தப்போ அவ கொண்டுவந்த சாமான்லயே பெரிசு அதுதான். ஸ்டோரேஜுக்குக் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து கம்பிகளையெல்லாம் தளர்த்தி வச்சா. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுத்துது. "இப்ப எதுக்கு இதெல்லாம்"னு சிடுசிடுத்தேன்.

தஞ்சாவூர்ல மாமா பேச்சு மெதுவாத் திரும்பிச்சு. ஈஸி சேர்ல சாய்ச்சு உட்கார வைப்போம். வாரக் கடைசியில சென்னையிலேருந்து நான் போறப்பல்லாம் ஏதாவது கேட்பார். ஒரு நாள் வாய் குழற, "மாப்ளே, வீணையை எங்க வச்சிருக்கீங்க?"ன்னார்.

"பத்திரமா இருக்கு மாமா. அதுக்குன்னே ரூம் எடுத்திருக்கோம்."

தலையை ஆட்டிக்கிட்டார். அடுத்த மாசமும் அதே கேள்வி. நானும் அதே பதில்.

அந்த 2011 கோடையில டாலஸ்ல 71 நாள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஒரே வருஷத்துல அத்தனை நாள் அதுக்கு முன்னாடி அங்கே பதிவானதே இல்லை. சென்னை ஆபீஸ்ல உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிச்சுட்டு, தங்கமணிக்கு ஃபோன் பண்ணி, "நல்ல வேளை, நாம தப்பிச்சோம்"னு சொன்னேன். யார் தப்பிக்கலைன்னு எனக்கு அப்போ உறைக்கவே இல்லை.

2012 மே மாசம் மாமா போயிட்டார். காரியமெல்லாம் முடிச்சு, மாமியாரை அவங்க தங்கை வீட்டுல விட்டுட்டு, ஜூலை கடைசியில திரும்பினோம்.

ஷட்டரைத் தூக்கினதும் ஒரு வாடை அடிச்சுது பாருங்க. ஃப்ரிட்ஜைத் துடைச்சுக் கதவைச் சாத்தி வச்சிருந்தேனா, உள்ளே சுத்திக் கறுப்புப் பூஞ்சை. மெத்தையோட அடிப்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டா ஈரக்கறை. பிளாஸ்டிக் சுத்தின சோபா உள்ளுக்குள்ளயே வேர்த்து நாறிப் போயிருந்தது. 'கிச்சன்' பெட்டி ஒண்ணுல அரைப் பாக்கெட் உளுந்து மறந்து போயிருக்கு. எலிக்கு அது அழைப்பிதழ். உளுந்தைத் தின்ன கையோட பக்கத்துப் பெட்டியில இருந்த ஸ்வெட்டர்லயே குடித்தனமும் நடத்தியிருக்கு. புத்தகத்துல ராமபாணம். அடியில இருந்த பெட்டிகள் மேல் கனம் தாங்காம நசுங்கி, அதுக்கு மேல இருந்ததெல்லாம் சாய்ஞ்சு கிடந்தது.

வீணை கடைசி மூலையில. முதல்ல உள்ளே போனதாச்சே. எல்லாத்தையும் வெளியில எடுத்துப் போட்டாத்தான் அதுகிட்டயே போக முடியும். ரெண்டு மணி நேரம், அந்த ஜூலை வெயில்ல. அது வரைக்கும் தங்கமணி ஒரு வார்த்தை பேசலை.

வீணையோட மெட்டுகள் எப்படி நிக்குதுன்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. தேன்மெழுகையும் கரிப்பொடியையும் கலந்து தண்டி மேல ரெண்டு வரப்பு மாதிரி கட்டி, அதுலதான் 24 மெட்டையும் பதிக்கறாங்க. ஆணி கிடையாது, திருகு கிடையாது. மெழுகு மட்டும்தான். தேன்மெழுகு முழுசா உருக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல போகணும். ஆனா இளகி நெகிழறதுக்கு அவ்வளவு வேண்டாம். வெளியில 38, 40ன்னு போனா, தகரக் கூரைக்குக் கீழே பூட்டின அறை அதையும் தாண்டிக் கொதிக்கும். போதாததுக்கு நான் செங்குத்தா வேற நிறுத்தி வச்சிருந்தேன்.

பெட்டியைத் திறந்தா, மெழுகு வழிஞ்சு, மெட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு, ஏழெட்டு பிடுங்கிக்கிட்டு வந்து பெட்டியோட துணியில ஒட்டிக் கிடந்தது. திட்டுவான்னு நின்னேன். அழுவான்னு நின்னேன். ரெண்டும் இல்லை. ஒவ்வொரு மெட்டா எடுத்து துப்பட்டா நுனியில போட்டா. தண்டியில சாய்ஞ்சு நின்னதையும் சேர்த்து எண்ணினா. "24ம் இருக்கு"ன்னா. அவ்வளவுதான். கார்ல வரும்போது எனக்கு மாமாவுக்குச் சொன்ன பதில்தான் காதுல ஓடிக்கிட்டே இருந்தது.

அந்தக் காப்பீட்டுத் தாளை அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா முழுசாப் படிச்சேன். தீ இருந்தது, திருட்டு இருந்தது. வெயிலுக்கும் பூஞ்சைக்கும் ஒத்தை வரி கிடையாது.

2013 ஜனவரியில வீணையை ஊருக்குக் கொண்டு போனோம் (விமானத்துல வீணை கொண்டு போன கதை தனி மெகா சீரியல்). தஞ்சாவூர்ல ஒரு பெரியவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசாக் காய்ச்சி மேளம் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு மெட்டையும் வாசிச்சுப் பார்த்துப் பார்த்து, மயிரிழை நகர்த்தி நகர்த்தி வச்சார். ரெண்டு நாள் வேலை. முடிச்சுட்டு, "கம்பியைத் தளர்த்தி வச்சது யாரு? இழுத்துக் கட்டினபடியே அந்தச் சூட்டுல கிடந்திருந்தா தண்டியே வளைஞ்சிருக்கும்"னார். தங்கமணி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலே பரவாயில்லை.

அன்னிக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக் கூடத்துலயே உட்கார்ந்து வாசிச்சா. மாமாவோட ஈஸி சேரை யாரும் நகர்த்தாம அப்படியே போட்டிருந்தாங்க. நான் வாசல் திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போக மனசு வரலை.

ரெண்டாவது தடவை 2016ல. வாங்கின வீடு கைக்கு வர அஞ்சு மாசம் இடைவெளி. இந்தத் தடவை ஏசி அறைக்கு வாயைத் திறக்காம கையெழுத்துப் போட்டேன். அப்போ எங்க அம்மா வந்திருந்தாங்க. கூட்டிக்கிட்டுப் போனேன். ஷட்டரைத் தூக்கினதும் உள்ளே எட்டிப் பார்த்துட்டு, "ஓ, வாடகைப் பரணாடா இது?"ன்னாங்க.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மாயவரத்துல எங்க வீட்டுப் பரண் அம்மாவோட சாம்ராஜ்யம். கொலு முடிஞ்சதும் ஒவ்வொரு பொம்மையையும் பழைய வேட்டித் துணியில சுத்தி, தகரப் பெட்டியில வச்சு, பெட்டி மேல சாக்பீஸ்ல 'தசாவதாரம்', 'செட்டியார்', 'கல்யாண செட்'னு எழுதுவாங்க. பெட்டிக்கு அடியில ரெண்டு செங்கல். நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, "எதுக்கும்மா இவ்வளவு, அப்படியே தூக்கிப் போடேன்"ம்பேன். "எடுக்கற நாளை நினைச்சுக்கிட்டு வைக்கணும்டா"ம்பாங்க.

நான் 14 மாசமும் ஒரு வீணையும் செலவழிச்சுக் கத்துக்கிட்டது அத்தனையும் அம்மா அந்த அறையில அரை நாள்ல பண்ணிக் காட்டினாங்க. செங்கல்லுக்குப் பதிலா மரப் பலகைச் சட்டம் நாலு வாங்கித் தரையில போட்டேன், தரை ஈரம் ஏறாது. சுவத்தை ஒட்டாம ஒரு சாண் இடம் விட்டோம், காத்து போகட்டும்னு. சோபாவுக்கு பிளாஸ்டிக் இல்லை, பழைய பருத்திப் படுக்கை விரிப்பு. பெட்டியெல்லாம் ஒரே அளவுல புதுசு. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, கனம் அடியில, லேசானது மேல. எந்தப் பெட்டியும் பாதி காலியா இல்லாம இடுக்குல துணி, காகிதம் வச்சு ரொப்பியாச்சு, இல்லைன்னா மேல் கனத்துக்கு நசுங்கிடும். துணியெல்லாம் துவைச்சு, ஒரு நாள் கூடுதலாக் காயவச்ச பிறகுதான் உள்ளே போச்சு. சாப்பிடற சாமான் ஒரு மணி கூடக் கிடையாது, பெருங்காய டப்பா உட்பட.

நடுவுல ஒரு ஆள் நடக்கற அளவுக்கு வழி விட்டோம். "கோடியில இருக்கறதை எடுக்க ஊரையே கிளப்பக் கூடாது"ன்னாங்க. பெட்டிக்கு நம்பர் போட்டு, எந்த நம்பர்ல என்ன, எந்தப் பக்கம்னு ஒரு நோட்டுல எழுதினோம். நம்பரை மேல எழுதாம பக்கவாட்டுல எழுதச் சொன்னதும் அவங்கதான். அடுக்கினப்புறம் மேல்பக்கம் எங்கே தெரியப் போகுது! கம்பளி, பாத்திரம்னு நடுவுல தேவைப்படறது ஷட்டர்கிட்ட.

என் பங்குக்கு நான் பண்ணினது ரெண்டு. ரிமோட், டார்ச் எல்லாத்துலேருந்தும் பேட்டரியைக் கழட்டினேன். வாடகை போற கார்டு எப்போ காலாவதி ஆகுதுன்னு பார்த்து வச்சேன். அது முக்கியம். வாடகை நின்னு போனா, டெக்சாஸ் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிட்டுச் சாமானை ஏலம் விட்டுடலாம். அந்த ஏலத்தை வச்சே 'ஸ்டோரேஜ் வார்ஸ்'னு 2010ல ஒரு டிவி நிகழ்ச்சி ஆரம்பிச்சு வருஷக்கணக்கா ஓட்டினாங்க. அந்த அறைகளை நிரப்பினவங்கள்ல பலரும் என்னை மாதிரி 'இதர'ன்னு எழுதினவங்களாத்தான் இருந்திருப்பாங்க.

அஞ்சு மாசம் கழிச்சுத் திறந்தோம். ஒரு டம்ளர் உடையலை.

வீணை அங்கே போகவே இல்லை. பாஸ்போர்ட், கல்யாண ஆல்பம், மாமா எழுதின கடிதாசுக் கட்டு இதுகளோட நண்பர் வீட்டு உள் அறையில அஞ்சு மாசம் படுத்திருந்தது. இப்பவும் எங்க வீட்டுக் கூடத்துலதான் இருக்கு. படுக்கை வாட்டத்துல.

இதையெல்லாம் எழுதிட்டு நண்பருக்குத் திரும்ப ஃபோன் பண்ணினேன். "நேத்து ஒண்ணு விட்டுப் போச்சு. ஸ்டோரேஜ்ல போடக் கூடாத சாமானை முதல்ல தனியா எடுத்து வைச்சுடு"ன்னேன்.

"அது எதுன்னு எப்படிப்பா தெரியும்?"ன்னார்.

"உங்க வீட்டம்மாகிட்ட கேளு. அவங்க ராத்திரி உட்கார்ந்து எதுக்காவது மெனக்கெட்டாங்கன்னா, சிடுசிடுக்காம பக்கத்துல உட்காரு"ன்னு சொல்லி வச்சேன்.

பி.கு: ஃப்ரிட்ஜை நல்லாத் துடைச்சுக் காயவச்சு, கதவு சாத்தாம இருக்க நடுவுல ஒரு துண்டைச் சொருகி வைங்க. அம்மாவுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான். மாயவரம் பரண்ல ஃப்ரிட்ஜ் ஏத்தினதில்லை.