கடலுக்கு ஒரு மரப் பாதை

பெசன்ட் நகர் கடற்கரைக்கு நீங்கள் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். சுண்டல் கொறித்திருப்பீர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்திருப்பீர்கள். ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி நடந்தோம் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா? நடக்க முடிகிறவர்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு!

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கோ அந்த மணல்தான் கோட்டை மதில். நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை. மணலில் இறங்கிய மாத்திரத்தில் புதைந்துவிடும். இரண்டு பேர் தூக்கினால்தான் உண்டு. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும், ரோட்டோரத்தில் இருந்தபடி அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

டிசம்பர் 3-ம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி மெரினாவில் தற்காலிகமாகப் பாதை போடுவார்கள். விழா முடிந்ததும் பாதையும் போய்விடும். கடல் மட்டும் அங்கேயே இருக்கும்! விடாமல் கேட்டதன் பலனாக, 2022 நவம்பர் 27-ல் மெரினாவில் நிரந்தர மரப் பாதை திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்திவிட்டது. மாநகராட்சி மனம் தளராமல் மறுபடியும் செப்பனிட்டது.

அந்தப் பாதையின் தங்கைதான் பெசன்ட் நகரில் இருப்பது. நீளம் 190 மீட்டர்; செலவு ஒரு கோடியே 61 லட்சம் ரூபாய். 'இவ்வளவு பணமா?' என்று மலைக்க வேண்டாம். தடியூன்றி வரும் தாத்தா, முழங்கால் வலிக்காரப் பாட்டி, கைக்குழந்தையை வண்டியில் தள்ளி வரும் தாயார் எல்லாருக்கும் மரப்பலகை சௌகரியமானதுதான். பக்கத்திலேயே கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கிறது. 1930 டிசம்பரில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை விட்ட டென்மார்க் நாட்டவர் அவர். பிறருக்காகக் கொஞ்சம் சிரமப்படுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

சரி, கடலைப் பார்த்தாயிற்று. இனி வயிற்றைக் கவனிக்க வேண்டாமா? ரோட்டுக்குத் திரும்பினால் அடுத்த சங்கடம். காப்பிக் கடை வாசலில் ஒரு படி. மருந்துக் கடையில் இரண்டு. நமக்கு அது கண்ணில்கூடப் படாது. நாற்காலிக்காரருக்கோ, கடை பூட்டியிருப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இதற்குப் பரிகாரம் பெரிய இஞ்ஜினீயர் வித்தை அல்ல. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளக் கணக்கு. அரை அடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம் போதும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் ஏறுகிறவர் பின்னால் சரிவார், பெயருக்குத்தான் சாய்தளம்.

2016-ம் வருஷத்துச் சட்டம், பொதுமக்கள் வந்து போகும் கட்டடம் தனியாருடையதானாலும் எல்லாரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்கிறது. வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாயமான விதிகளே வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்களும் சென்னையில் ஓட ஆரம்பித்தன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும் பஸ் அது. பஸ்ஸே குனிகிறபோது கடைப்படி குனியக் கூடாதா?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வியாபாரம் மந்தம் என்று வருத்தப்படுவது கெட்டிக்காரத்தனமா? கடை வைத்திருக்கும் நேயர்கள் யோசிக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெசன்ட் நகர் போகும்போது, ஸ்கூட்டரை அந்த மரப் பாதையின் வாயில் நிறுத்திவிடாதீர்கள். வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதீர்கள். பின்னால் ஒரு சக்கர நாற்காலி வரலாம். அதில் இருப்பவர் முதல் தடவையாகக் கடலைக் கிட்டத்தில் பார்க்க வருகிறவராகவும் இருக்கலாம்.