கழிவெளியில் ஐந்து நாள்

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்துக் கிடக்கும் சதுப்பு நிலத்தைக் கழிவெளி என்பர் அப்பகுதி மக்கள். கேட்டவுடன், ஒன்றுக்கும் உதவாத நிலம் போலும் என்று எண்ணத் தோன்றும். நானும் அவ்வாறே எண்ணினேன். கழி என்பதற்கு உப்பங்கழி என்னும் பொருள், நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர் காலந்தொட்டே உண்டென்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை.

நான் அப்போது அறிவியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நில அளவைப் பணியில் இருந்தேன். சதுப்பின் ஓரத்தில் வீடுகள் கட்டலாமா என்று செல்வர் ஒருவர் எங்களைக் கேட்டிருந்தார். விடை காண நால்வர் சென்றோம். மண்ணியல் அறிஞர் ஒருவர், நீரியல் வல்லுநர் ஒருவர், செடிநூல் கற்ற அம்மையார் ஒருவர், நான்.

சித்திரை மாதம். தரை வெடித்துக் கிடந்தது. மட்டக்கருவியை நிறுத்தி இரண்டே நாளில் அளந்து முடித்தேன். "நிலம் உலர்ந்தது, கட்டடத்திற்கு ஏற்றது" என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டேன். அவ்விரைவை எண்ணி இன்றும் நாணுகின்றேன்.

மூன்றாம் நாள் அம்மையார் ஒரு புதரைக் காட்டி, "தம்பி, இஃது என்ன?" என்றார்.

"கோரை, அம்மா."

"நீர் நில்லாத இடத்தில் கோரை இவ்வளவு அடர்ந்து வளருமோ?"

நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் மண்ணியலார் தோண்டிய குழியிலிருந்து கருங்களிமண் வந்தது. அதனுள் நத்தைக் கூடுகள் இருந்தன. அருகே எருமை மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, கார்த்திகையில் வந்து பாருங்கள். நீர் அந்தப் பனையின் வடு வரையில் ஏறி நிற்கும்" என்றார். கருவியைப் பனையின் பக்கம் திருப்பினேன். நான் ஏற்றதென்று எழுதிய தரைக்கும் அவ்வடுவுக்கும் இடையே என் மார்பளவு உயரம் இருந்தது!

எஞ்சிய செய்தியை நீரியல் வல்லுநர் விளக்கினார். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பெய்யும் மழை, பல ஏரிகளைக் கடந்து இங்கே வந்து சேர்கிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. தரையின் சரிவோ மிகச் சிறிது. வந்த நீர் விரைந்து ஓட இயலாது. போகும் வரையில் அது தங்கியிருக்க ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடமே கழிவெளி.

ஐந்தாம் நாள் என் குறிப்பை அடித்துவிட்டு, நால்வரும் கூடிப் புதிய அறிக்கை எழுதினோம். செல்வர் அதனை விரும்பவில்லை. வேறொருவரிடம் வேறொரு கருத்துப் பெற்றார் என்று பின்னர் அறிந்தேன். வீடுகள் எழுந்தன, பனை வீழ்ந்தது. சதுப்பின் பெரும்பகுதி சாலையும் வீடும் குப்பைமேடுமாக மாறியது. எஞ்சியதில் 317 எக்டேர் 2007-ஆம் ஆண்டு காப்புக்காடாக்கப்பட்டது. 2022-இல் அச்சதுப்பு, பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, உணவுப் பொட்டலங்களுடன் படகேறி அவ்வழியே சென்றேன். வீட்டுச் சுவர்களில் நீர் என் மார்பளவு நின்றது. மாடியிலிருந்து பொட்டலத்தை வாங்கிய பெரியவர், "ஐயா, வீடு கட்டுமுன் இவ்விடத்தை எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

நான் விடை கூறவில்லை. படகு அடுத்த வீட்டை நோக்கி நகர்ந்தது.